பிராய் போடும் மகளுக்கு: கையைப் பார்த்துக்கொள்

அன்புள்ள மகளுக்கு,

நீ பிராய் போட்டு, அதாவது விறகுத் தணலில் கறி சுட்டு, வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். அம்மா கறியின் நிறத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், எனக்குக் கண் போனது உன் கையில் இருந்த துணி மேல்தான். பாத்திரம் துடைக்கிற துணி, அதுவும் நனைந்திருக்கிறது, அதால் பிடித்துக்கொண்டு நெருப்பு மேல் இருந்த கம்பித் தட்டை நகர்த்துகிறாய். செப்டம்பர் 24ஆம் தேதி ஹெரிட்டேஜ் டே விடுமுறைக்கு உன் பெல்வில் வீட்டுக்கு ஆபீஸ் சிநேகிதர்களை எல்லாம் கூப்பிட்டிருப்பதாகவும் முழு ஆட்டுத் தோள்பட்டை போடப் போவதாகவும் வேறு சொன்னாய். தாராளமாகப் போடு. அன்றைக்கு இந்தத் தென்னாப்பிரிக்கா முழுக்க பிராய் புகைதானே, பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவே 2007இல் அந்த பிராய் நாளுக்குப் புரவலராக நின்றார், எந்த ஜனமானாலும் நெருப்பைச் சுற்றிக் கூடுகிற பழக்கம் இங்கே எல்லோருக்கும் பொது என்பதால். ஆனால் அந்தத் துணியை மட்டும் விட்டுவிடு கண்ணு.

காய்ந்த துணி கையைக் காப்பதற்குக் காரணம் துணி இல்லை, நூலுக்கு நடுவே அடைபட்டிருக்கிற காற்று. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் கதை முடிந்தது, ஏனென்றால் தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும். அதோடு விடாது, கம்பி நல்ல சூட்டில் இருந்தால் அந்த ஈரம் உன் உள்ளங்கைக்குள்ளேயே ஆவியாகிவிடும். நீ சட்டியைத் தூக்கி இரண்டு அடி நடந்த பிறகுதான் சுருக்கென்று ஏறும், அப்போது கீழே போடவும் முடியாது, பிடிக்கவும் முடியாது, பக்கத்தில் யாராவது குழந்தை நிற்கும். மில்லில் நான் பாய்லர் பக்கம் வேலை பார்த்த காலத்தில் கையுறை நனைந்தால் யாரையும் கேட்காமல் கழற்றிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டும், வியர்வையில் நனைந்தாலும் அப்படித்தான். வீட்டு முற்றத்துக்கும் அதே விதிதான்.

பிராயில் ஜுவாலையைப் பார்த்துப் பயப்படத் தெரியாதவர் கிடையாது, கை தானாகவே பின்னால் வந்துவிடும். சுடுகிற மாதிரியே தெரியாத பொருள்தான் ஆபத்து. கறுத்துப் போய் அமைதியாக இருக்கிற கம்பி, பொய்கி என்கிற மூன்று கால் இரும்புச் சட்டியின் மூடிப் பிடி, தணல் ஓரமாகவே வைத்துவிட்டு மறந்துபோன இடுக்கி, இதெல்லாம் பார்வைக்குச் சாதுவாக இருக்கும். எதையாவது தொடும் முன் புறங்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார், தொடாதே, பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும். புறங்கைத் தோல் மெல்லியது, உள்ளங்கைக்கு முன்னாடியே உனக்குச் சொல்லிவிடும்.

அப்புறம் அலுமினியத் தாள். உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு வெண்ணெய் எல்லாம் சுற்றித் தணலில் போடுவோமே, அந்தப் பொட்டலம். தாள் சீக்கிரம் ஆறிவிடும், தொட்டால் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், அதை நம்பித்தான் எல்லோரும் குனிந்து மேல்பக்கத்து மடிப்பைப் பிரிப்பார்கள். உள்ளே அடைபட்ட ஆவி மொத்தமும் விரல் நுனியிலும் மணிக்கட்டிலும் முகத்திலும் அடிக்கும். கொதிநீரைவிட ஆவி மோசம், தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது தன்னிடம் இருக்கிற சூட்டை எல்லாம் அங்கேயே இறக்கிவிட்டுப் போகும். பொட்டலத்தைத் தட்டில் வைத்து, உனக்கு எதிர்ப்பக்கத்தில் கத்தி முனையால் ஒரு கீறு கீறி, ஆவி போகட்டும் என்று விட்டுவிட்டு இடுக்கியால் பிரி. பொய்கி மூடியையும் அப்படித்தான், உன் பக்கம் தூக்காமல் அந்தப் பக்கமாகச் சாய்த்துத் திற.

இப்போது தோள்பட்டைக்கு வருகிறேன், எனக்குப் பெரிய கவலையே அதுதான். நாராகப் பிய்கிற பதத்துக்கு வர வேண்டுமானால் கறி உள்ளே 90 டிகிரிக்கு மேல் போக வேண்டும். பெரியவர்கள் தோலே 60 டிகிரி வெந்நீரில் 5 வினாடியில் ஆழமாக வெந்துவிடும் என்று நினைத்துக்கொள். வெளியே ஆறினதுபோல் இருக்கிற கறியில் விரலை விட்டுப் பிய்த்தால் எலும்புப் பக்கத்திலிருந்து கொழுப்பு வழியும். தண்ணீரானால் ஓடிவிடும், கொழுப்பு நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு சுட்டுக்கொண்டே இருக்கும், நம் மசாலாவின் மிளகாய்க் காரமும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். அதனால் இறக்கியதும் தாளை லேசாக மூடி முக்கால் மணி நேரம் அப்படியே விடு. ருசிக்கும் அதுதான் நல்லது, சாறு உள்ளேயே நிற்கும். யாராவது பசிக்குது பசிக்குது என்று அவசரப்படுத்தினால் முதலில் மக்காச்சோளத்தைக் கொடுத்து உட்கார வை. பிறகு இரண்டு பெரிய முள்கரண்டியால் பிய், கையால்தான் பிய்ப்பேன் என்றால் உள்ளே பருத்திக் கையுறை, மேலே கொழுப்பு ஊறாத தடித்த ரப்பர் கையுறை, உணவைத் தொடலாம் என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்கு. பாத்திரம் கழுவுகிற மஞ்சள் கையுறை வேண்டவே வேண்டாம், சூட்டில் இளகித் தோலோடு ஒட்டும்.

கம்பித் தட்டுக்கும் விறகுக்கும் அந்த ரப்பர் கையுறை போதாது. அதற்கு முழங்கை வரை வருகிற தோல் கையுறை, வெல்டிங் செய்கிறவர்கள் போடுவது, ஹார்ட்வேர் கடையிலேயே கிடைக்கும். உங்கள் ஊரில் விற்கிற ரூய்கிரான்ஸ் விறகின் தணல் நம் கடைக்கரியை மாதிரி இல்லை, நல்ல சூடு, ரொம்ப நேரம் நிற்கும், கிளறும்போது மணிக்கட்டு வெந்துபோகும். கடையில் வாங்கும்போது ஈஎன் 407 (சூடு தாங்கும் கையுறைக்கான ஐரோப்பியத் தரம்) என்று ஜுவாலைப் படம் போட்ட முத்திரை இருந்தால் அதன் கீழே உள்ள எண்களைப் பார். இரண்டாவது எண்தான் சூடான பொருளைப் பிடிப்பதற்கானது. 2 என்றால் 250 டிகிரிப் பொருளை 15 வினாடி தாங்கும், 3 என்றால் 350 டிகிரி. பதினைந்தே வினாடி, அதைத் தாண்டி எதையும் பிடித்துக்கொண்டு கதை பேசாதே. பின்னல் போட்ட துணிக் கையுறை பார்க்க அழகாக இருக்கும், கொழுப்பு ஊறினால் அதுவும் ஈரத்துணிதான். இன்னொன்று, கையுறை கொஞ்சம் தொளதொளவென்று இருக்க வேண்டும், உள்ளே சூடாக ஏதாவது போய்விட்டால் கையை ஒரு உதறு உதறினால் கழன்று விழ வேண்டும். இறுக்கமாக இருந்து நான் நல்ல வேலைக்காரர்கள் கை வெந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நெருப்பு மந்தமாக இருக்கிறது என்று யாராவது மெத்திலேட்டட் ஸ்பிரிட் பாட்டிலைக் கொண்டுவந்தால் பிடுங்கி உள்ளே வை, தயவு தாட்சண்யம் பார்க்காதே. பகல் வெளிச்சத்தில் அது எரிவது கண்ணுக்கே சரியாகத் தெரியாது, ஊற்றுகிற தாரை வழியாகத் தீ திரும்பிப் பாட்டிலுக்கே வரும். தென்கிழக்குக் காற்று எழும்பினால் துப்பட்டாவும் தொங்குகிற சட்டைக் கையும் வேண்டாம், பருத்தியாகப் போட்டுக்கொள். மோதிரத்தையும் வளையலையும் முதலிலேயே கழற்றி வைத்துவிடு.

மீறிச் சுட்டுவிட்டால் உடனே குழாயடிக்குப் போ, சாதாரணத் தண்ணீர், முழுசாக 20 நிமிடம் ஓடட்டும், வலி குறைந்துவிட்டது என்று பாதியில் எடுக்காதே. ஐஸ் கூடாது. ஆயா இருந்தால் மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துக்கொண்டு ஓடி வந்திருப்பார்கள், பாசத்தில் செய்வார்கள், ஆனால் அது சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும், பற்பசையும் வெண்ணெயும் அப்படியே. வீங்கும் முன் விரலில் எது இருந்தாலும் கழற்று. தண்ணீரில் சூடு ஆறின பிறகு சமையலறையில் வைத்திருக்கிற பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டாமல் மேலே போட்டு வை. கையில் கொப்புளம் வந்தால் சின்னதாக இருக்கிறது என்று விடாமல் டாக்டரிடம் காட்டு, விரலும் மூட்டும் இறுகிப் போனால் பிறகு சரி செய்வது கஷ்டம். ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 10177, செல்போனிலிருந்து 112.

தோல் கையுறை இரண்டு ஜோடி கூரியரில் அனுப்பியிருக்கிறேன், ஒன்று உனக்கு, இன்னொன்று யார் உதவிக்கு நிற்கிறார்களோ அவர்களுக்கு. அம்மா மசாலா டப்பாவையும் அதே பெட்டியில் வைத்திருக்கிறாள். வந்ததும் போட்டுப் பார்த்து உதறினால் கழன்று விழுகிறதா என்று சொல்லு, பில் என்னிடம் இருக்கிறது, அளவு மாற்றிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அப்பா