மடத்துக் கதவைத் திறந்தவர்கள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதி. மாடிப்படி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வேண்டாம், சொன்னால் கேள்.

நம்மைப் படிக்கவைத்த சிஸ்டர்களைப் பற்றி எழுதியிருந்தாய் இல்லையா, அதிலிருந்து இந்தப் பள்ளிகளெல்லாம் எப்படித் தொடங்கின என்று தேடித் தேடிப் படிக்கிறேன். அவர்களுக்குப் பெரிய தடையாக இருந்தது பணம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை, மடத்துக் கதவு! கன்னியர் மடத்தைவிட்டு வெளியே வரக் கூடாது என்று 1566ல் போப் ஐந்தாம் பயஸ் கண்டிப்பாக ஆணை போட்டிருக்கிறார். அப்புறம் ஏழைப் பிள்ளைகளைத் தேடிப் போவது எப்படி?

இங்கிலாந்துக்காரரான மேரி வார்டு 1609ல் சில தோழிகளோடு, இன்றைய பிரான்சில் இருக்கும் சென் ஓமேர் என்ற ஊரில் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். இயேசு சபைக் குருக்களைப் போல நாங்களும் வெளியே நடமாடித்தான் வேலை செய்வோம் என்று நின்றார். 1631ல் போப் எட்டாம் உர்பன் மேரி தொடங்கிய சபையையே கலைத்துவிட்டார். மேரியை மியூனிக்கில் ஒரு மடத்தில் அடைத்து வைத்தார்கள். அங்கிருந்து அவர் பொட்டலம் கட்டும் தாளில் எலுமிச்சைச் சாற்றால் தோழிகளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பார்த்தால் வெறும் தாள், நெருப்பில் வாட்டினால் எழுத்து தெரியும். இதைப் படித்த அன்று எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. சபையை நிறுவியவர் இவர்தான் என்று ரோம் ஒத்துக்கொள்ள 1909 வரை ஆயிற்று.

அயர்லாந்தில் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதே சட்டப்படி குற்றமாக இருந்த காலத்தில், 1750களில், கார்க் நகரத்தில் நானோ நேகிள் வீட்டாருக்குக்கூடத் தெரியாமல் ஒரு மண்குடிசையில் பள்ளி வைத்தார். ஒரு நாள் ஏழை ஒருவர் அவருடைய தம்பியிடம் வந்து, உங்கள் அக்கா பள்ளியில் என் பிள்ளைக்கு ஓர் இடம் சொல்லி வாங்கித் தாருங்கள் என்று கேட்கப்போய்த்தான் குட்டு உடைந்தது. பிறகு 1771ல் உர்சுலைன் என்ற சபையின் கன்னியரை வரவழைத்தார், ஆனால் அவர்களுக்கும் அதே விதி, தெருவில் இறங்க முடியாது. சரி, நானே தொடங்குகிறேன் என்று 1775ல் தனிச் சபை தொடங்கினார், அதுதான் பிரசென்டேஷன் சபை. அவர்கள்தான் 1842ல் சென்னைக்கு வந்து இறங்கியவர்கள்.

ஆஸ்திரேலியாவில் 1866ல் ஒரு குதிரை லாயத்தைப் பள்ளியாக்கிய மேரி மெக்கிலப்பை 1871ல் ஆயர் திருச்சபையிலிருந்தே விலக்கினார். சில மாதம் கழித்து அந்த ஆயரே மரணப் படுக்கையில் அதை நீக்கினார். 2010ல் மெக்கிலப்புக்குப் புனிதர் பட்டம். இவ்வளவு தாமதமாக வந்த மரியாதையை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நம் பள்ளியில் சாயங்காலம் கடைசிப் பிள்ளை போகும்வரை கேட்டுக்கு வெளியே, தெருவில், ஒரு சிஸ்டர் நிற்பாரே? எவ்வளவு யோசித்தும் அவர் பெயர் வரமாட்டேன் என்கிறது. உனக்கு ஞாபகம் இருந்தால் உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி