கயிற்றில் ஒட்டிப் போன மணல்: ஒன்றியச் சுரங்க அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டை, அதாவது தோரியமும் அரிய மண் தனிமங்களும் அடங்கிய கனிமத்தைக் கண்டுகொண்டார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல் அது. அதிலிருந்த தோரியம் அன்றைய காஸ் விளக்கில் சூடேறி ஒளிவிடும் வலையான மேண்டிலுக்குத் தேவைப்பட்டது. மணல் கப்பலேறியது, மேண்டில் வெளியூரில் தயாரானது.

அப்புறம் நாமும் விழித்துக்கொண்டோம். 1950-இல் இந்திய அரிய மண் நிறுவனம் தொடங்கியது. 1952-இல் அதன் ஆலுவா ஆலையை, கேரளத்தில், நேரு திறந்துவைத்தார். மோனசைட்டைப் பிரிப்பது நமக்குப் புது வித்தை இல்லை. ஆனாலும் 2025 ஏப்ரலில் சீனா ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைச் சேர்த்துச் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும், மோட்டாருக்கு அந்தக் காந்தம் கிடைக்காமல் இங்கே வண்டி தயாரிப்பவர்கள் கையைப் பிசைந்தார்கள்.

மண் இல்லாமலா? அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் கணக்குப்படி நம் இருப்பு 69 லட்சம் டன், உலகில் மூன்றாவது இடம். ஆண்டுக்கு எடுப்பதோ மூவாயிரம் டன்கூட இல்லை. "அப்படியென்றால் வேகமாகத் தோண்டுவோம்" என்று உங்களுக்குத் தோன்றுகிறது. எனக்கு உடன்பாடில்லாதது அங்கேதான். சீனா பிடித்துவைத்த ஏழில் காந்தத்துக்கு மிகவும் வேண்டியவை டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும். நம் கடற்கரை மோனசைட்டில் இந்த இரண்டும் பிரித்தெடுக்கும் அளவுக்கு இல்லை. காந்தத்துக்கு அடிப்படையான இன்னொரு அரிய மண் தனிமமான நியோடிமியம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அதன் ஆக்சைடை உலோகமாக்கி, இரும்போடும் போரானோடும் உருக்கி, பொடித்து, காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, சூளையில் சுட்டெடுத்தால்தான் ஸ்கூட்டர் மோட்டாருக்குள் போகும் காந்தம் கிடைக்கும். நாம் நிற்பது அந்தப் படிகளுக்குக் கீழே. வெண்ணெய் கையில் இருக்கிறது, உருக்க அடுப்பு இல்லை. இந்த நிலையில் இன்னும் நாலு மாடு வாங்கி என்ன செய்ய?

அடுப்பு மூட்டத் தொடங்கியிருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்ய 7,280 கோடி ரூபாய் திட்டம் 2025 நவம்பரில் வந்தது. அதற்கு முன் செப்டம்பரில், பழைய பேட்டரியிலிருந்தும் மின்கழிவிலிருந்தும் கனிமங்களை மீட்க 1,500 கோடி. தாமதம்தான். சரி, வந்ததே.

ஆனால் அதே செப்டம்பர் 8 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் இன்னொன்றும் செய்தது. அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்களுக்கான சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று குறிப்பாணை போட்டது. குறிப்பாணை உங்களுடையது இல்லை, தெரியும். முக்கியக் கனிமங்களின் பட்டியல் உங்களுடையது. அதிலுள்ள கனிமம் என்றாலே ஊரைக் கேட்க வேண்டாம் என்றாகிவிட்டது. காந்த ஆலை இல்லாமல் போனதற்கு எந்த ஊரின் கருத்துக்கேட்புக் கூட்டம் காரணம்?

மேலூரை இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்க மாட்டீர்கள். மதுரை மாவட்டத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விட்ட நாயக்கர்பட்டி வட்டாரம், சுமார் 2,015 ஹெக்டேர். 2024 நவம்பரில் ஏலம் முடிந்த பிறகே பெரும்பாலானவர்களுக்கு விஷயம் தெரிந்தது. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுப் பெண்ணிடம் சொன்ன கதை. உள்ளே அரிட்டாபட்டி இருக்கிறது: 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர், சமணர் படுக்கைகளும் தமிழி கல்வெட்டும் உள்ள குன்று. மாநில அரசு முன்பே எதிர்க்கவில்லை என்று நீங்களும், எதிர்த்தோம் என்று அவர்களும் மாற்றி மாற்றிச் சொன்னீர்கள். அந்தச் சண்டையில் எனக்கு அக்கறையில்லை, ஊரை இரண்டு பேருமே கேட்கவில்லை. சட்டமன்றத் தீர்மானம், மதுரைக்குப் பேரணி எல்லாம் ஆன பிறகு 2025 ஜனவரி 23 அன்று ஏலத்தை ரத்து செய்தீர்கள். கேட்காமல் விட்டதில் மிச்சமான நேரம் எவ்வளவு?

இப்போது கன்னியாகுமரி மாவட்டத்தில் கிள்ளியூர்ப் பக்கம் மோனசைட் கலந்த மணல் எடுக்கும் திட்டம் பேச்சில் இருக்கிறது. மோனசைட்டில் தோரியம் உண்டு, மீனவர்களுக்குக் கதிர்வீச்சு பயம் உண்டு. அளந்த கணக்கை அவர்கள் முன்னால் வைத்துப் பேச வேண்டிய இடம் அந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம்தான்.

ஆகவே என் கோரிக்கை இரண்டு. அந்த விலக்கைத் திரும்பப் பெறும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு நீங்களே எழுதுங்கள். இனி எந்த வட்டாரத்தை ஏலத்துக்கு விடுவதானாலும், ஏல அறிவிப்புக்கு முன்பே அதன் எல்லை வரைபடத்தைத் தமிழில், சர்வே எண்களோடு, ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, கிராமசபையில் வைத்துப் பேசுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடிமகன்