காணியைக் கையளிக்கும் முன் மண்ணையும் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

படையினர் பயிற்சிக்குப் பயன்படுத்திய காணிகள் உரியவர்களிடம் கையளிக்கப்படும் செய்திகளில் "மிதிவெடிகள் அகற்றப்பட்டுவிட்டன" என்ற வரி தவறாமல் வருகிறது. அது உயிரைப் பணயம் வைத்துச் செய்யப்படும் வேலை, குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் அந்தச் சான்று வெடிக்கக்கூடிய பொருளைப் பற்றியது. ஈயமும் வெடிமருந்தின் எச்சமும் மண்ணில் எவ்வளவு இருக்கின்றன என்று சொல்வது அதன் வேலையல்ல. அதைச் சொல்லவேண்டிய இரண்டாவது சான்று ஒன்றை யாரும் கேட்பதில்லை, கொடுப்பதுமில்லை.

சூட்டுப் பயிற்சித் திடலை எடுத்துக்கொள்வோம். ஆபத்தின் பெரும்பங்கு இலக்குகளுக்குப் பின்னால் எழுப்பிய மண் அணையில் இருக்கிறது. 9 மி.மீ. கைத்துப்பாக்கிச் சன்னம் ஏறத்தாழ 8 கிராம், அதில் பெரும்பகுதி ஈயம். ஒரு இலட்சம் ரவை சுடப்பட்ட திடலில் அரைத் தொன்னுக்கு மேல் ஈயம் கிடக்கும். ரி-56 துப்பாக்கியின் ரவைகளில் உருக்குக் கரு கொண்ட வகையானால் ஈயம் குறைவு. ஆகவே எந்த ரவை, எத்தனை ஆண்டு என்ற விபரம் முதலில் வேண்டும். சன்னங்கள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் படும்போது ஒன்றையொன்று நொறுக்கித் தூளாக்குகின்றன. கையில் பொறுக்கக்கூடிய சன்னத்தைவிட இந்தத் தூள்தான் சிறுபிள்ளைகளின் வாய்க்கும் கிணற்றுக்கும் போகிறது. குடியிருப்பு மண்ணில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் ஈயத்தைத் தாண்டினாலே மேலாய்வு வேண்டும் என்பது அமெரிக்கச் சுற்றாடல் முகவரகம் 2024இல் வைத்த அளவு. மண் அணைகளில் ஆயிரக்கணக்கில் காண்பது புதிதல்ல.

இங்கே நடக்கும் மிகப் பெரிய பிழை புல்டோசர். காணியை 'சமப்படுத்திக்' கொடுப்பது நல்லெண்ணத்தில்தான். ஆனால் அணையைத் தள்ளிப் பரப்பினால், சில லொறிகளில் அடங்கியிருக்கக்கூடிய நச்சு மண் முழு வளவுக்கும் கலந்துவிடும். பிறகு பத்து மடங்கு மண்ணைச் சுத்திகரிக்கவேண்டும். அதைவிட மோசம், அந்த மண்ணை யாராவது வீட்டு அத்திவாரம் நிரப்ப ஏற்றிப் போவது.

அணையைச் சுத்திகரிக்கும் முறை சிக்கலானதல்ல. வெடிபொருள் இல்லையென உறுதி செய்தபின், வரட்சிக் காலத்தில் மண்ணைத் தோண்டி முதலில் பெரிய சல்லடையிலும் பிறகு சிறிய சல்லடையிலும் சலித்துச் சன்னங்களைப் பிரிக்கவேண்டும். கொழும்பு மாவட்டத்தின் கபுக் எனப்படும் செம்பூரான் மண் ஈரமானால் களியாகிச் சல்லடைக் கண்ணை அடைத்துவிடும். அங்கே ஜனவரி முதல் மார்ச் வரை தவிர மற்ற மாதங்களில் இதைத் தொடங்குவது வீண் செலவு. சலிப்பவர்களுக்கு நுண்தூசு முகக்கவசம் அவசியம், துணிக் கவசம் போதாது. வேலை உடுப்பை வீட்டுக்குக் கொண்டு போகாமல் அங்கேயே கழுவ வசதி செய்யவேண்டும். இல்லாவிட்டால் தொழிலாளியின் பிள்ளைக்கு ஈயம் போகும்.

சலித்த பிறகும் தூள் ஈயம் மிஞ்சும். அதைப் பொசுபேற்று சேர்த்துக் கரையாத கனிமமாக மாற்றலாம். நம்மிடம் எப்பாவலவின் அபற்றைற்று என்ற பாறைப் பொசுபேற்று இருக்கிறது. பாறைப் பொசுபேற்று அமில மண்ணில்தான் நன்றாகக் கரைந்து வேலை செய்யும். ஈரவலயத்துக்குப் பொருந்தக்கூடியது, யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மண்ணில் அதே பலனை எதிர்பார்க்கக்கூடாது. எடையில் 2, 3, 5 சதவீதம் என மூன்று வாளிகளில் கலந்து ஒரு மாதம் ஈரமாக வைத்து, மண்ணிலிருந்து எவ்வளவு ஈயம் கரைந்து வெளியேறுகிறது என்று காட்டும் கசிவுச் சோதனை செய்து பார்த்தபின்பே அளவைத் தீர்மானிக்கவேண்டும். அந்தச் சோதனையில் லீற்றருக்கு 5 மில்லிகிராம் ஈயம் என்பது அமெரிக்காவில் அபாயக் கழிவுக்கான எல்லை. இன்னொரு எச்சரிக்கை: சன்னத்தைக் கடினமாக்க ஈயத்தோடு அந்திமனி என்ற இன்னொரு நச்சுத் தனிமத்தைச் சேர்க்கிறார்கள். பொசுபேற்று ஈயத்தைக் கட்டிப்போடும் அதேவேளை அந்திமனியை அவிழ்த்துவிடக்கூடும். ஈயத்தை மட்டும் சோதித்துவிட்டு 'வெற்றி' என்று எழுதும் அறிக்கையை நம்பவேண்டாம்.

எறிகணை, கைக்குண்டுப் பயிற்சி நடந்த இடங்களின் கதை வேறு. ஒழுங்காக வெடித்த எறிகணை தன் வெடிமருந்தை ஏறக்குறைய முழுவதும் எரித்துவிடுகிறது. அரைகுறையாக வெடித்ததும், வெடிக்காமல் ஓடு பிளந்ததுமே மண்ணை நாசமாக்குகின்றன. அப்படியான ஒன்று, ஒழுங்காக வெடித்த ஆயிரக்கணக்கானவற்றைவிட அதிக எச்சத்தை விட்டுச்செல்லும். வெடிமருந்துகளில் ரி.என்.ரி. மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. ஆர்.டி.எக்ஸ். அப்படியல்ல, மழைநீரோடு இறங்கி நிலத்தடி நீருக்குப் போய்விடும். ரொக்கெட் உந்துமருந்திலும் பட்டாசு வகைகளிலும் உள்ள பெர்குளோரேட் என்ற உப்பு இன்னும் வேகமாக இறங்கும். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்து கேப் கொட் பகுதிப் பயிற்சித் தளத்தில் குடிநீருக்கான நிலத்தடி நீர் இப்படித்தான் மாசடைந்தது. 1997இல் அங்கே உண்மையான ரவைகளாலும் குண்டுகளாலும் செய்யும் பயிற்சியையே நிறுத்த உத்தரவிட்டார்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துக்கு இது ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை. மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை, கிணறே கதி. அந்த மண்ணின் காரத்தன்மை ஈயத்தை ஓரளவு பிடித்து வைக்கும், ஆர்.டி.எக்ஸை வைக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த அனுபவம் மறந்துபோயிருக்காது. எண்ணெய்க்கு மணமாவது உண்டு, இவற்றுக்கு மணமோ சுவையோ தெரியாது.

சோதனை என்றவுடன் ஒருவர் வந்து ஒரு கரண்டி மண்ணைப் பொலித்தீன் பையில் எடுத்துப் போவதை நாம் ஏற்றுக்கொள்கிறோம். வெடிமருந்து எச்சத்துக்கு அந்தக் கரண்டி மண் பயனற்றது. எச்சம் மாவைப்போலப் பரவிக் கிடப்பதில்லை, மணல்மணி அளவிலான துணுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. கரண்டியில் துணுக்கு விழுந்தால் பயங்கர எண், விழாவிட்டால் பூச்சியம். இரண்டுமே பொய். சரியான முறை: காணியை அதன் பயன்பாட்டின்படி பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் சம இடைவெளியில் குறைந்தது 30 இடங்களில், முடிந்தால் 50 முதல் 100 இடங்களில், மேல் 5 சென்ரிமீற்றர் மண்ணைச் சிறு குழாய்க்கருவியால் எடுத்து ஒன்றாகச் சேர்க்கவேண்டும். அப்படிச் சேர்ந்த ஒரு கிலோவுக்கு மேற்பட்ட மண்ணே ஒரு மாதிரி. அதே பகுதியில் தொடக்கப் புள்ளியை மாற்றி மூன்று முறை எடுக்கவேண்டும். மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று தூரமாக இருந்தால் இடங்களின் எண்ணிக்கை போதவில்லை என்று அர்த்தம். ஆய்வுகூடத்தில் நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, முழுவதையும் மாவாக அரைத்து, பல இடங்களில் கிள்ளிச் சேர்த்த 10 கிராமையே கரைக்கவேண்டும். அரைக்காமல் மேலிருந்து 2 கிராம் அள்ளினால் வயலில் பட்ட பாடெல்லாம் வீண்.

ஈயத்துக்கு இதே சல்லடையில் இன்னொரு பொறி இருக்கிறது. 2 மி.மீ. சல்லடையின் மேல் தங்கும் சன்னத் துண்டுகளை எறிந்துவிட்டு எண் சொல்வார்கள். அவற்றையும் நிறுத்து எழுதவேண்டும், நாளை தூளாகப்போவது அவைதானே.

கிணற்று நீரைக் கபிலநிறப் போத்தலில் எடுத்து, 4 பாகை குளிரில் வைத்து, 7 நாட்களுக்குள் ஆய்வுகூடத்தில் பிரித்தெடுக்கவேண்டும். நீரில் கரைந்தவற்றைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. இயந்திரம் இருந்தால் மட்டும் போதாது. ஒப்பிட்டு அளப்பதற்கான, வெடிமருந்துகளின் நியமக் கரைசல்கள் கையிருப்பில் உள்ளனவா என்று போத்தலை நிரப்பும் முன்பே கேளுங்கள். வழக்கமான குடிநீர்ச் சோதனைப் பட்டியலில் இவை வருவதில்லை, கேட்டால்தான் செய்வார்கள். ஆர்.டி.எக்ஸுக்கு அமெரிக்க ஆலோசனை அளவு லீற்றருக்கு 2 மைக்குரோகிராம். வரட்சியின் முடிவில் ஒருமுறையும், வடகீழ்ப் பருவமழை இறங்கியபின் ஒருமுறையும் எடுக்கவேண்டும்.

வெடிமருந்து கலந்த மண்ணுக்கு மாட்டெரு, வைக்கோல், மரத்தூளோடு கூட்டெருவாக்கும் முறை உண்டு. அமெரிக்காவின் உமற்றில்லா இராணுவக் கிடங்கில் பெரிய அளவில் செய்து காட்டப்பட்டது. மண் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், குவியல் 55 பாகை வரை சூடேறும்படி, அடிக்கடி புரட்டவேண்டும். ஆனால் வெடிமருந்து எடையில் 10 சதவீதத்தைத் தாண்டிய மண்ணை வெடிபொருளாகவே கருதவேண்டும், மண்வெட்டியே ஆகாது. நீற்றுச் சுண்ணாம்பு கலந்து காரநிலையை pH 12க்கு ஏற்றினாலும் ரி.என்.ரி.யும் ஆர்.டி.எக்ஸும் சிதையும். அதே மண்ணில் ஈயமும் இருந்தால் அவ்வளவு காரத்தில் ஈயம் கரையத் தொடங்கும். இரண்டும் உள்ள இடத்தில் ஈயத்தை முதலில் பிரிக்காமல் சுண்ணாம்பு போடுவது ஒரு நோயை மாற்றி இன்னொன்றைக் கொடுப்பது.

எல்லாக் காணியையும் தோட்டம் செய்யத் தக்கதாக மாற்ற முடியும் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்கக் கடற்படை குண்டுவீச்சுப் பயிற்சி செய்த ஹவாயின் கஹோலாவே தீவுக்கு நானூறு மில்லியன் டொலர் ஒதுக்கிப் பத்தாண்டு வேலை செய்தும், ஏறத்தாழ கால்பங்கு நிலம் மேற்பரப்பளவில்கூடத் துப்புரவாகாமல் மிஞ்சியது. எந்தத் துண்டு வீட்டுக்கு, எது மேய்ச்சலுக்கு, எது வேலியிட்டு விடவேண்டியது என்று வரைபடத்தில் எழுதித் தருவதே நேர்மை. இது வடக்குக்கு மட்டுமான பிரச்சினையுமல்ல. 2016 ஜூன் 5இல் கொஸ்கம சலாவ ஆயுதக் கிடங்கு வெடித்தபோது கிணற்று நீரைப் பற்றிய அதே கேள்வி கொழும்பு மாவட்டத்திலேயே எழுந்தது.

கையளிப்புப் பத்திரத்தோடு சுடுநிலை, இலக்கு, எரிகுழி, தீயணைப்புப் பயிற்சி நடந்த இடம் ஆகியவற்றைக் காட்டும் வரைபடமும், பகுதிவாரியான மண், கிணற்றுப் பெறுபேறுகளும் இணைக்கப்படவேண்டும். மத்திய சுற்றாடல் அதிகாரசபை அதற்குப் பொறுப்பேற்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் காணிக்காரர்கள் இன்றே இதைப் பிரதேச செயலகம் வழியாகக் கேட்கலாம். தேசியப் பாதுகாப்பு என்று பதில் வரக்கூடும். திருப்பித் தரப்பட்டுவிட்ட காணியில் பழைய மண் அணை எங்கிருந்தது என்பதில் என்ன இரகசியமோ!

பெறுபேறு வரும்வரை அணையைத் தொடாமல் தறப்பாளால் மூடி, மழைநீர் அதன்மேல் பாயாதபடி சுற்றி வாய்க்கால் வெட்டுங்கள். அங்கே ஆடு, மாடு கட்டவேண்டாம். சன்னம் பொறுக்கி வலைக்கு ஈயமணி வார்க்கப் பிள்ளைகளை விடவேண்டாம். ஈயத்தையோ ஆர்.டி.எக்ஸையோ கொதிக்கவைத்துப் போக்க முடியாது என்பதால், சந்தேகமான கிணற்றைக் குளிக்க மட்டும் வைத்துக்கொண்டு குடிநீரைத் தேசிய நீர்வழங்கல் சபையின் பவுசரிலிருந்து பெறுங்கள்.

மண், நீர் ஆய்வுத் துறையினர் சிலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.