மூணுமே பழுதா டீச்சர்?

அன்புள்ள குண்டூசிக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்கே இன்னும் பதில் போடவில்லை. திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மாமியாருக்கு மட்டும் பனி இறங்கினால் மூட்டுவலி ஏறுகிறது. பூண்டு விலையைப் பற்றிக் கேட்காதே.

போன வியாழக்கிழமை ஒரு பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டேன்டி. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்த கதை உனக்குத் தெரியும். மழை வந்தால் நெட் இருக்காது, நெட் இருந்தால் கரண்ட் இருக்காது. அன்றைக்கு அதிசயமாக இரண்டும் இருந்தன. ஏழாம் வகுப்பு, வெப்பம் பாடம். வினாடி வினா ஓட்டினேன். 'நீர் எத்தனை டிகிரி செல்சியஸில் கொதிக்கும்?' ஒருவன் ஓடிவந்து 100-ஐத் தொட்டான். போர்டில் கைதட்டல், காகிதப்பூ மழை. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. எனக்குந்தான், மறைப்பானேன்.

அதோடு விட்டிருக்கலாம். செய்துகாட்டுகிறேன் பேர்வழி என்று ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, தெர்மாமீட்டரோ 93-இல் உட்கார்ந்துவிட்டது. ஐந்து நிமிடம் ஆகியும் அசையவில்லை. முதல் பெஞ்சில் ஒரு வாலு உண்டு. "டீச்சர், போர்டு தப்பா சொல்லுதா?"

"தெர்மாமீட்டர் பழுதும்மா" என்றேன். கொட்டாவி சார்கூட அத்தனை வேகமாகச் சமாளித்திருக்க மாட்டார். அவள் விடவில்லை. அலமாரியில் கிடந்த மற்ற இரண்டையும் எடுத்துவந்து வைத்தாள். ஒன்று 93, இன்னொன்று 94. "மூணுமே பழுதா டீச்சர்?"

ராத்திரி குக்கர் விசில் அடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. 100 என்பது கடல் மட்டத்துக் கணக்கு! மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், கொதிநிலையும் சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கும். எங்கள் ஊர் ஏறக்குறைய 2,000 மீட்டர். பழுது தெர்மாமீட்டரில் இல்லை.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டேன். அந்த வாலு சொன்னது: "அதான் எங்க அம்மாச்சி, குக்கர் இல்லாம மேல்மலையில பருப்பு வேகாதுங்குது." பயிற்சிக் காலத்தில் என்னைப் பார்த்து "உன் பருப்பு இங்க வேகாதுடி" என்பாயே, நினைவிருக்கிறதா? அறிவியல்படியே சொல்லியிருக்கிறாய்!

போர்டு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இதயத்துக்குள் ரத்தம் ஓடுவதை நான் சாக்பீஸில் வரைந்தால் அது உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். ஆனால் காகிதப்பூ கொட்டியதும் யாரும் கேள்வி கேட்பதில்லை. நானும் கேட்கவில்லையே, அதுதான் உறுத்துகிறது. அந்த ஒருத்தி கேட்டாள், அவள் வாயையும் நான் அடைக்கப் பார்த்தேன். இப்போது புதிதாக ஒன்று கேட்கிறாள்: "பரீட்சையில எதை எழுத?" '100, கடல் மட்டத்தில்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். திருத்துகிறவர் மார்க்கைக் குறைத்தால் அவளுக்கு என்ன பதில் சொல்வேன்?

சரி, காரியத்துக்கு வருகிறேன். அடுத்த புதன் காலை பத்து மணிக்கு, கடலோரத்தில் இருக்கும் உன் மண்டபம் ஊர்ப் பிள்ளைகளோடு தண்ணீரைக் கொதிக்க வை. வீடியோ காலில் வருகிறோம். மலையின் நடுவழியில் பண்ணைக்காட்டில் பாக்கியமும் அடுப்பு மூட்டுகிறாள் (அவள் நேரத்துக்கு வந்தால்). மூன்று ஊர், மூன்று புள்ளி. பிள்ளைகளே கிராஃப் தாளில் போடட்டும், போர்டில் வேண்டாம்.

உங்கள் ஊர்த் தண்ணீரை மட்டும் நம்ப மாட்டேன். உப்பு இருந்தால் கொதிநிலை ஏறிவிடும், கேன் தண்ணீரே எடு. விளக்கில் ஸ்பிரிட் இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடு. நெட் போய்விட்டால் போனில் எண்ணையாவது கத்திச் சொல்.

அன்புடன்,
உன் வேகாத பருப்பு