கம்பம் சாலையில் கை கொடுத்தவர்களுக்கு

ஆண்டிபட்டிக் கணவாய் தொடங்கி குமுளி மலையடிவாரம் வரை சாலையோரம் பழக்கடை போட்டிருக்கும் அக்காமார், அண்ணன்மார் எல்லாருக்கும் மேலூரிலிருந்து வணக்கம். பேர் சொல்லி எழுதினால் உங்களில் சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். அதனால் ஊரைச் சொல்லியே எழுதுகிறேன், யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

எங்கள் அப்பா பெரியாற்றுக் கால்வாயை நம்பி வயல் பார்த்தவர். மேலூர்ப் பக்கம் ஒருபோகச் சாகுபடிதான். எப்போது தண்ணீர் திறப்பார்கள், கடைமடைக்கு வந்து சேருமா என்ற கவலையிலேயே அவருக்கு ஒவ்வொரு புரட்டாசியும் போகும். மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, 1895-இல் நம் பக்கம் திருப்பிவிட்டார்களே, அந்தத் தண்ணீர் இறங்குகிற இடத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மூட்டுவலிக்காரர், சர்க்கரையும் உண்டு. அந்த ஆசைக்காகத்தான் அவரைக் காரில் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். ஒரே மூச்சாக அவரால் உட்கார்ந்து வர முடியாது. அடிக்கடி நிறுத்த வேண்டியிருந்தது, நிறுத்திய இடத்தில் எல்லாம் உங்கள் கடைகள்தான் இருந்தன.

கணவாயில் சீத்தாப்பழம் விற்ற அம்மா, நாங்கள் விலை கேட்பதற்கு முன்பே தன் ஸ்டூலை எடுத்து அப்பாவுக்குப் போட்டுவிட்டார். சின்னமனூர்ப் பக்கம் செவ்வாழைத் தார் தொங்கவிட்டிருந்த அண்ணன், என் மகளுக்கு இரண்டு பழம் கையில் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மாட்டேன் என்று நின்றார்.

கம்பத்துக்கு முன்னால் பன்னீர் திராட்சை விற்ற அக்காவைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும். ஐந்து கிலோ கேட்டோம். "மழை பேஞ்ச பழம் தம்பி, ரெண்டு நாளைக்கு மேல தாங்காது. ரெண்டு கிலோ எடுத்துக்கங்க, திரும்பி வரும்போது மிச்சத்தை வாங்கிக்கலாம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார். வந்த வியாபாரத்தைத் தானே குறைத்துக்கொள்கிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. காம்பு பச்சையாக இருக்கிற கொத்தாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். வெடித்த பழத்தைக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கித் தள்ளினார். மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடியைத் துடைக்காதீங்க, அது இருக்கிறவரைக்கும்தான் பழம் வாடாது என்றார். அப்பாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும், "அய்யாவுக்கு நாலு பழம் போதும்" என்று எண்ணிக் கொடுத்து, செங்காயாக ஒரு கொய்யாவை வெட்டி நீட்டினார். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்பே அந்தப் பழத்துக்கு நல்ல பேர் இருந்ததற்கு இந்த அக்காவைப் போன்றவர்கள்தான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

அவர் கைகாட்டியதால்தான் அந்தத் திராட்சைத் தோட்டத்துக்குள் போனோம். தோட்டக்கார அய்யா, முன்பின் தெரியாத எங்களைக் கல்தூண் பந்தலுக்குள் கூட்டிப்போய், கிளை வெட்டிக் கவாத்து அடித்த இடம், பூ எடுத்த இடம், பழுத்து நின்ற இடம் என்று வரிசையாகக் காட்டினீர்கள். கவாத்து அடித்து நாலு மாதத்தில் பழம் என்பதால் ஆண்டு முழுக்க எங்காவது ஒரு பந்தலில் அறுப்பு நடக்கும் என்று சொன்னீர்கள். கொடியைத் தாக்கும் செவட்டை நோய்க்கு மருந்தடித்தே கைக்காசு கரைவதையும் மறைக்காமல் சொன்னீர்கள். பெரியாற்றுத் தண்ணீரா பாய்ச்சுகிறீர்கள் என்று அப்பா கேட்டதற்கு, "கெணத்துத் தண்ணிதான். ஆனா ஆறு ஓடினாத்தானே கெணறு ஊறும்" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் சம்பந்தி வீட்டார் மாதிரி பேசிக்கொண்டிருந்ததை நாங்கள் ஓரமாக நின்று பார்த்தோம். அப்பா அவ்வளவு பேசி வெகுகாலம் ஆகிறது.

கூடலூரில் டயர் பஞ்சரானபோது, சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு வந்த தம்பி, உனக்கும் நன்றி. உன்னால்தான் வெளிச்சம் இருக்கும்போதே, அந்தத் தண்ணீர் இறங்குகிற லோயர் கேம்ப் போய்ச் சேர்ந்தோம்.

மலையிலிருந்து இறங்கும் அந்த நான்கு ராட்சதக் குழாய்களை அப்பா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் மணிமண்டபத்தில், யாரும் சொல்லாமலே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த அக்கா கொடுத்த திராட்சையில் ஒரு கொத்தைச் சிலைக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். மூடுகிற நேரம் நெருங்கியும் "பெரியவர் மெதுவா பார்க்கட்டும்" என்று காத்திருந்த காவலாளி அண்ணனுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

இந்த வருடம் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, நடவும் முடிந்தது. தை அறுப்பு முடிந்ததும் புது அரிசி மூட்டையோடு அதே சாலையில் வருகிறோம். ஆளுக்கு எத்தனை படி என்று அப்பா இப்போதே கணக்குப் போட்டு வைத்துவிட்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்,
மேலூரிலிருந்து வந்த குடும்பத்தார்