பீர்ப் பெட்டி மேல் நின்று பாடிய பெண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஆங்கிலப் பாடகியும் நடிகையுமான ஜூலி ஆண்ட்ரூஸ் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். குடையும் கைப்பையுமாக அவர் நிற்கிற படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள், பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 'முதல் படத்திலேயே ஆஸ்கர், ஒரே நாளில் உச்சம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி இருந்ததே, அது மீன் முள் மாதிரி எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது. சினிமாவில் முகம் காட்டியது அதுதான் முதல் தடவை என்பது சரி. 'மேரி பாப்பின்ஸ்' வந்தது 1964-ல், ஆஸ்கர் அடுத்த ஏப்ரலில். அப்போது அவருக்கு 29 வயது. ஆனால் லண்டனில் பெரிய அரங்கு ஒன்றில் அவர் முதன்முதலாகப் பாடியது 1947-ல். நடுவில் பதினேழு வருஷம். அதற்கு உங்கள் கட்டுரை கொடுத்த இடம், எண்ணியே பார்த்தேன், இரண்டரை வரி.

இதில் உங்களுக்கென்ன வந்தது என்று கேட்பீர்கள். நானும் பெட்டி மேல் நின்று பாடியவள்தான். அப்பா திருச்சிப் பக்கத்தில் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, எதையும் விடுவதில்லை. ஒன்பது வயதில் என்னை மேடை ஏற்றினார். மைக் ஸ்டாண்டின் திருகு துருப்பிடித்து அவர் உயரத்திலேயே நின்றுபோயிருந்தது, இறக்க முடியாது. அதனால் காலி சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் நிறுத்துவார்கள். பலகை இடுக்கில் பட்டுப்பாவாடைக் கரை மாட்டிக்கொள்ளும். அது கிழிந்தால் அம்மா திட்டுவாளே என்ற பயத்தில், சரணத்துக்கு வரும்போது கவனம் பாதி காலடியில் இருக்கும்.

போன வருஷம் மகள் வீட்டில், ஜூலி தன் இளமைக் காலத்தைப் பற்றி 2008-ல் எழுதிய நினைவுப் புத்தகத்தை அகராதி துணையோடு மெதுவாகப் படித்தேன். அம்மா பியானோ வாசிக்க, மாற்றாந்தகப்பனார் பாட, இவரும் சேர்ந்துகொள்வாராம். மைக் எட்டாது என்பதற்காக ஒரு பீர்ப் பெட்டியைப் போட்டு அதன் மேல் நிறுத்துவார்களாம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊரில் சோடா, அவர்கள் ஊரில் பீர், அவ்வளவுதான்.

அவர் பிறந்தது 1935 அக்டோபர் 1. இயற்பெயர் ஜூலியா எலிசபெத் வெல்ஸ். வளர்த்த தந்தை டெட் வெல்ஸ் பள்ளிக்கூட வாத்தியார், மேடைக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லை. அம்மா பார்பரா பியானோக்காரி. போர்க் காலத்தில் அவர் டெட் ஆண்ட்ரூஸ் என்ற கனடாக்காரப் பாடகரோடு சேர்ந்து கச்சேரி செய்யப் போய், அவரையே கல்யாணமும் செய்துகொண்டார். ஆண்ட்ரூஸ் என்ற பெயர் வந்தது அப்படித்தான். அந்தக் குரலைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1944-ல் லண்டன் மீது ஜெர்மானியர்கள் ஆளில்லாப் பறக்கும் குண்டுகளை ஏவினார்கள். மேலே கடகடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை பயமில்லை. சத்தம் நின்றால்தான் குண்டு விழும். எட்டு வயது ஜூலிக்கு அந்த எஞ்சின் சத்தத்தை மற்ற விமானங்களின் சத்தத்திலிருந்து பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தது. பதுங்குகுழிக் கூரை மேல் அவரை உட்கார வைத்து, கையில் ஒரு நாடகக் கண்ணாடியும் விசிலும் கொடுத்துவிட்டார்கள். அவர் விசில் ஊதினால் அக்கம்பக்கத்தார் குழிக்குள் இறங்குவார்கள். சங்கீத உலகத்தில் இப்படி ஒரு சுருதிப் பரீட்சையை நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் டாக்டர் ஒருவர் தொண்டையைப் பார்த்துவிட்டு, குரல்வளை கிட்டத்தட்டப் பெரியவர்களுக்கு இருப்பது போலவே இருக்கிறது என்று சொன்னார். எந்தத் தகப்பனுக்கும் இதைக் கேட்டதும் கை பரபரக்கும். டெட் ஆண்ட்ரூஸுக்கும் பரபரத்தது. ஆனால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். லிலியன் ஸ்டைல்ஸ்-ஆலன் என்ற பாடகியிடம் முறையாகப் பாடம் கேட்க அனுப்பினார். அந்த அம்மாள் இருந்தது வடக்கே லீட்ஸில். சிறுமி ரயிலேறிப் போய் அவர் வீட்டிலேயே தங்கிப் பாடம் கேட்டுத் திரும்புவாள். நம்மூரில் அதற்குக் குருகுலம் என்று பெயர். இந்த ஆசிரியையின் பெயர் உங்கள் கட்டுரையில் எங்கேயுமே இல்லை. எனக்கு முதல் கோபம் அதில்தான்.

1947 அக்டோபர் 22. லண்டன் ஹிப்போட்ரோம் அரங்கில் 'ஸ்டார்லைட் ரூஃப்' என்ற பல்சுவை நிகழ்ச்சி. ஜூலிக்குப் பன்னிரண்டு வயது நிறைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பலூனில் பொம்மை செய்து காட்டும் கலைஞர் ஒருவர் கூட்டத்திலிருந்து பிள்ளைகளைக் கூப்பிடுவார். பார்வையாளர் நடுவே உட்கார்ந்திருக்கும் இந்தச் சிறுமி எழுந்து போய், பலூனை வாங்கிக்கொண்டு பாட ஆரம்பிப்பாள். பாட்டு, 'மின்யோன்' என்ற பிரெஞ்சு இசை நாடகத்தில் வரும் 'டைட்டானியா' பாட்டு. பழுத்த பாடகிகளே மூச்சைக் கட்டிக்கொண்டு இறங்குகிற பாட்டு அது. சின்னப் பெண்ணுக்கு இது வேண்டாம் என்று முதல் நாள் ராத்திரி அதை எடுத்துவிடப் பார்த்தார்கள். அம்மாவும் ஏஜென்ட்டும் சண்டை போட்டுத் திரும்பச் சேர்க்க வைத்தார்கள்.

முடிவில் அவர் தொட்டது, மேல்நாட்டு ஸ்வரக் கணக்கில், மேல் 'ஸி'க்கும் மேலே இருக்கிற 'எஃப்'. என் சுருதி ஐந்து கட்டை. அதில் நான் மேல் ஷட்ஜத்தைப் பிடித்து நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தால், அந்தக் குழந்தை தொட்ட ஸ்வரம் கிட்டத்தட்ட இன்னும் இரண்டு ஸ்தாயி உயரத்தில் இருக்கிறது! கணக்குப் போட்டுப் பார்த்தபோது தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று பேத்தியின் கீபோர்டில் வைத்தும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் லண்டன் பல்லேடியத்தில் ராஜா ஆறாம் ஜார்ஜ் முன்னிலையில் பாடினார். அப்புறம் ரேடியோ. 1950-லிருந்து பிபிசியில் 'எஜுகேட்டிங் ஆர்ச்சி' என்ற நகைச்சுவை நிகழ்ச்சி. அதில் கதாநாயகன் ஒரு மரப்பொம்மை. உதடு அசையாமல் பொம்மையைப் பேச வைக்கிறவரின் வித்தையை ரேடியோவில் யார் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் நாடே கேட்டது. கிறிஸ்துமஸ் வந்தால் பான்டோமைம், அதாவது பிள்ளைகளுக்காகப் போடும் பாட்டும் கூத்துமான நாடகம். நாட்டிங்ஹாமில் ஒரு வருஷம், கவன்ட்ரியில் ஒரு வருஷம் என்று ஓடிக்கொண்டே இருந்தார். வீட்டில் மாற்றாந்தகப்பனாருக்குக் குடிப்பழக்கம். பெரியவர்களுக்குக் கச்சேரி குறையக் குறைய, அந்தப் பெண்ணின் வருமானம்தான் வீட்டைத் தாங்கியது. இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குப் புதிதாக எதுவும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

1953 கிறிஸ்துமஸுக்குப் பல்லேடியத்தில் 'சிண்ட்ரெல்லா' நாடகத்தில் அவரைப் பார்த்துவிட்டு, 'தி பாய் ஃப்ரெண்ட்' என்ற இசை நாடகத்துக்காக நியூயார்க்குக்குக் கூப்பிட்டார்கள். ஒப்பந்தம் இரண்டு வருஷம். பதினெட்டு வயதுப் பெண், வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் அழுதார். கடைசியில், ஒரு வருஷம் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்றார். எப்படியும் மாட்டேன் என்பார்கள், தப்பித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு. அவர்களோ சரி என்றுவிட்டார்கள். 1954 செப்டம்பர் 30-ல், நியூயார்க்கின் நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேயில் முதல் காட்சி, மறுநாள் பத்தொன்பதாவது பிறந்தநாள். வருஷம் முடிந்து ஊருக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒரு தொலைபேசி அழைப்பு: எப்போது ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருக்கிறதா என்று. இல்லை, முடிந்தே விட்டது. அழைத்தது 'மை ஃபேர் லேடி' என்ற இசை நாடகத்து ஆட்கள். இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் கதாநாயகி எலைசா டூலிட்டில் வேடம் வேறு யாருக்கோ போயிருக்கும். வீட்டு ஞாபகத்தில் அழுத அழுகைதான் அவருக்கு வாழ்வு கொடுத்தது.

ஆனால் அந்த வேடம் கிடைத்ததும் எல்லாம் கூடிவந்துவிடவில்லை. பாட்டு வரும், நடிப்பு வரவில்லை. கூட நடித்த ரெக்ஸ் ஹாரிசனுக்கு இந்தப் பெண் தேறுவாள் என்ற நம்பிக்கையே இல்லை. இயக்குநர் மாஸ் ஹார்ட் மற்றவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு வார இறுதியில் இரண்டு நாள் ஜூலியை மட்டும் வைத்துக்கொண்டு வரி வரியாக உரித்தெடுத்தார். திட்டு, கெஞ்சல், நடித்துக் காட்டல், எல்லாம். அதற்கு மேல் ஒரு வேடிக்கை. எலைசா லண்டன் தெருவில் பூ விற்கிறவள், பேசுவது காக்னி கொச்சை. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த ஜூலிக்கு அந்தக் கொச்சையைச் சொல்லிக்கொடுக்க வந்தவர் ஓர் அமெரிக்கப் பேராசிரியர். மெட்ராஸ் பாஷையை ஒரு டில்லிக்காரரிடம் கற்றுக்கொள்வது மாதிரி!

1956 மார்ச் 15-ல் நாடகம் ஆரம்பித்தது. பிராட்வேயில் இரண்டு வருஷம், அப்புறம் லண்டன் ட்ரூரி லேனில் ஒன்றரை வருஷம், வாரத்துக்கு எட்டு காட்சி. மொத்த உடம்பும் வலிக்கிற வேடம் அது. முதல் பாதியில் தெருக்காரியாகக் கத்த வேண்டும், அழ வேண்டும், கத்திய அதே தொண்டையில் உடனே நைஸாக மேலே ஏறிப் பாட வேண்டும். நடுவே 1957-ல் 'சிண்ட்ரெல்லா' கதையைத் தொலைக்காட்சியில் நேரடியாக நடித்தபோது அமெரிக்காவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். உங்கள் 'ஒரே நாள்' எந்த நாள் என்று இப்போது சொல்லுங்கள்.

பாக்கிக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'மை ஃபேர் லேடி' சினிமாவானபோது, ஊர் ஊராகத் தெரிந்த முகம் வேண்டும் என்று தயாரிப்பாளர் ஜாக் வார்னர் ஆட்ரி ஹெப்பர்னைப் போட்டார். பாட்டுகளில் பெரும்பாலும் மார்னி நிக்சனின் குரல். பாடத் தெரிந்தவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பின்னணிக்கு ஆள் தேடினார்கள். வால்ட் டிஸ்னியோ 'கேமலாட்' நாடகத்தில் ஜூலியைப் பார்த்துவிட்டு, கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொன்னபோதும், பரவாயில்லை காத்திருக்கிறோம் என்றார். பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரை, மேரி பாப்பின்ஸ் கதையை எழுதிய டிராவர்ஸ் அம்மையார் போனில் கூப்பிட்டு, நீ ரொம்ப அழகு, ஆனால் மூக்கு பொருத்தமாக இருக்கிறது என்றாராம். கோல்டன் குளோப் விருது வாங்கியபோது மேடையில் ஜாக் வார்னருக்கு ஜூலி நன்றி சொன்னார். அந்தக் குசும்பையாவது நீங்கள் போட்டிருக்கலாம்.

என் கதையையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். பதினான்கு வயதில், காய்ச்சலோடு தொடர்ந்து ஆறு ராத்திரி திருவிழாக் கச்சேரி பாடினேன். ஏழாவது நாள் காலையில் பால்காரரிடம் ஒரு படி என்று சொல்ல வாயெடுத்தேன், காற்றுதான் வந்தது. பேச்சு திரும்பி வந்தது, மேல் ஸ்தாயி வரவில்லை. அப்பா மேல் வருத்தமில்லை. கட்டிய தொண்டைக்கு மிளகும் பனங்கல்கண்டும் போதும் என்றுதான் அவருக்குத் தெரியும். லீட்ஸில் இருந்த மாதிரி ஓர் ஆள் எங்களுக்கு வாய்க்கவில்லை. ஜூலியின் குரலும் 1997-ல் ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு போய்விட்டது என்று படித்தபோது அவருக்கு வயது 61 என்பதைத்தான் முதலில் கவனித்தேன். அரை நூற்றாண்டு அதை வைத்துப் பிழைத்திருக்கிறார்.

ஒரு திருத்தம் மட்டும் தயவுசெய்து போடுங்கள். ஜூலி லண்டனில் பிறந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். பிறந்தது சர்ரே மாவட்டத்தில் வால்டன்-ஆன்-தேம்ஸ் என்ற ஊர். இடமிருந்தால் ஸ்டைல்ஸ்-ஆலன் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். இல்லையென்றால் அடுத்த தடவை அந்தக் குடைப் படத்தைக் கால் பக்கமாகச் சுருக்கினால் போதும், இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீரங்கம்.