ஆள் கேட்கும் மேலாளர்களுக்கு: அந்த அட்டைகளை நகர்த்துங்கள்

மென்பொருள் நிறுவனங்களில் குழுக்களுக்குத் தலைமை வகிக்கும் மேலாளர்களுக்கு வணக்கம்.

"இரண்டு பேர் வேண்டும், உடனே வேண்டும்" என்று கோரிக்கை போடுகிறவர்கள் நீங்கள். தேடிப் பிடித்து, பேசிப் பார்த்து, உங்கள் முன் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் ஆட்சேர்ப்புப் பிரிவில் இருக்கும் என்னைப் போன்றவர்கள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக இந்தப் பங்காளிச் சண்டை நடக்காத அலுவலகம் இருக்காது என்றே நினைக்கிறேன். "நல்ல ஆளே வருவதில்லை" என்கிறீர்கள். "வந்தவரைப் பார்க்கவே இல்லையே" என்கிறோம். எந்தப் பக்கம் நியாயம் என்பதற்கான சாட்சி ஆட்சேர்ப்பு மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள்தான் அதைத் திறப்பதில்லை.

திறந்தால் இடமிருந்து வலமாகப் பத்திகள் தெரியும்: விண்ணப்பித்தவர், முதல் உரையாடல் முடிந்தவர், மேலாளர் பார்வைக்கு, தொழில்நுட்ப நேர்காணல், ஆஃபர், பணியில் சேர்ந்தவர். ஒவ்வொரு விண்ணப்பதாரரும் ஓர் அட்டை. முடிவு எடுக்க எடுக்க அட்டை வலப்பக்கம் நகர வேண்டும், அல்லது பலகையை விட்டு வெளியேற வேண்டும். இதைத்தான் நாங்கள் பைப்லைன் என்கிறோம். நடப்பதோ வேறு. 'மேலாளர் பார்வைக்கு' என்ற மூன்றாவது பத்தி மட்டும் வீங்கிக் கிடக்கிறது. அதற்கு வலப்பக்கம் எல்லாம் காற்று வாங்குகிறது.

இந்தப் பலகை உங்களுக்குப் புதிதல்ல. டொயோட்டா கார் தொழிற்சாலையில் பொறியாளர் தாயிச்சி ஓனோ உருவாக்கிய, அட்டைகளைக் கொண்டு வேலையை நகர்த்தும் கான்பான் முறையின் வாரிசுதான் இது. உங்கள் குழுவின் அன்றாட வேலையும் இதே போன்ற பலகையில்தான் ஓடுகிறது. கான்பானின் உயிர்நாடி அட்டை அல்ல, வரம்பு. அடுத்த இடத்தில் கேட்காதவரை இங்கிருந்து சரக்கு போகாது, எங்கும் குவியாது. ஆட்சேர்ப்புப் பலகைகள் பலவற்றில் அட்டையை எடுத்துக்கொண்டு வரம்பை விட்டுவிட்டார்கள். அதனால் ஒரே பத்தியில் நூறு பேர் நின்றாலும் மென்பொருள் வாய் திறப்பதில்லை. உங்கள் பலகையில் ஒரு பிழை ஒரு வாரம் அசையாமல் இருந்தால் காலைக் கூட்டத்தில் காரணம் கேட்கிறீர்கள். எங்கள் பலகையில் ஒரு மனிதர் ஒரு மாதம் அசையாமல் இருக்கிறார், கேட்க நாதியில்லை.

தேங்கிக் கிடக்கும் ஓர் அட்டையைத் திறந்து அதன் வரலாற்றைப் படித்துப் பாருங்கள். தன்விவரம் அனுப்பப்பட்டது. நினைவூட்டல் போனது. மீண்டும் நினைவூட்டல். "பார்க்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு பதில். அதை நான் குறிப்பாக ஏற்றியிருப்பேன். அதன் பிறகு உங்களிடமிருந்து வரும் கேள்வி: "வேறு ரெஸ்யூமே இருக்கிறதா?" இருக்கிறது. அனுப்புகிறோம். புதிதாக வந்தது மேலே என்ற வரிசையில் பட்டியல் இருப்பதால் பழையவர் கீழே போகிறார். இரண்டாம் பக்கத்துக்குப் போனவரை யாரும் தேடுவதில்லை. 'இந்தக் கட்டத்தில் எத்தனை நாள்' என்று ஒரு விவரம் இருக்கும். அதன்படி ஒருமுறை வரிசைப்படுத்துங்கள். முகத்தில் அறையும்.

அடுத்தது 'ஹோல்ட்'. வேண்டாம் என்று சொல்ல மனம் வராதவர்களையெல்லாம் நீங்கள் தள்ளிவிடும் இடம். நிராகரித்தால் மென்பொருள் தானாக ஒரு மடல் அனுப்பும். நேர்காணலுக்கு நகர்த்தினாலும் அனுப்பும். ஹோல்டில் வைத்தால் எதுவும் போகாது. விண்ணப்பித்தவருக்கு அது கிணற்றில் போட்ட கல். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஏதாவது தகவல் உண்டா மேடம்?" என்று கேட்கும்போது நானும் மழுப்புகிறேன்.

ஒருவழியாக நிராகரித்தாலும் காரணம் என்ற இடத்தில் 'பிற' என்று தேர்ந்தெடுக்கிறீர்கள். சம்பளமா, அனுபவமா, பேச்சா, நிரல் எழுதும் திறனா? தெரியாவிட்டால் அதே மாதிரி இன்னும் பத்துப் பேரைத்தான் கொண்டுவருவேன். நேர்காணல் மதிப்பெண் தாளில் "பரவாயில்லை" என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரிவதில்லை.

நம் பெயர்களின் தொல்லை தனி. தன்விவரத்தை வாசித்துப் பிரிக்கும் நிரல்கள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற கணக்கில் எழுதப்பட்டவை. எஸ். முருகன் விண்ணப்பித்தால் சில சமயம் "அன்புள்ள எஸ்" என்று மடல் போகும். அவரே வேறொரு மின்னஞ்சலிலிருந்து முருகன் சுப்பையா என்று விண்ணப்பித்தால் இரண்டு ஆளாகிவிடுவார். ஓர் அட்டை நிராகரிப்பில், இன்னொன்று நேர்காணலில். அழைப்பதற்கு முன் தொலைபேசி எண்ணை வைத்து ஒருமுறை தேடிவிடுங்கள்.

"சேர்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நாளில் வரவில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாணயமே இல்லை" என்று கோபப்படுகிறீர்கள். ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய நிறுவனத்தில் வேலை செய்தாக வேண்டிய நோட்டீஸ் பீரியட் நம் துறையில் 90 நாள் என்பது சாதாரணம். அந்த மூன்று மாதமும் அவர் கையில் வேறு வாய்ப்புகள் வந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு முன்பே மூன்று வாரம் நாம் வாய் பேசாமல் இருந்திருந்தால், அவர் நம்மிடம் படித்த பாடத்தை நமக்கே நடத்துகிறார். இதில் நான் அவர்கள் பக்கம்தான்.

இன்னொன்று, வடிகட்டி. பத்தி வீங்கியதும் "இடைவெளி உள்ளவர்களைத் தானாகத் தள்ளிவிடச் சொல்லுங்கள்" என்கிறீர்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியும் ஆக்சென்சர் என்ற ஆலோசனை நிறுவனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி இருந்தாலே விண்ணப்பத்தை வடிகட்டும் நிறுவனங்கள் ஏறக்குறைய பாதி என்று தெரிந்தது. தகுதியானவர்கள் இப்படி விழுந்துவிடுகிறார்கள் என்று முதலாளிகளே ஒப்புக்கொண்டிருந்தார்கள். பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் பெண்ணும், அப்பாவின் சிகிச்சைக்காக ஊரில் இருந்துவிட்டு வரும் பையனும் இதில்தான் சிக்குகிறார்கள். தேக்கம் உங்கள் பத்தியில்; தண்டனை அவர்களுக்கு.

நம் ஆட்கள் நிறையப் பேர் வாழும் டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில், 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு ஒருவரை நேர்காணல் செய்தால், கடைசி நேர்காணலிலிருந்து 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்று அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். நான் கேட்பதற்குச் சட்டம்கூட வேண்டாம். உங்கள் பத்தியில் எட்டு அட்டைக்கு மேல் சேர்ந்தால் புதிதாக ஒன்றும் அனுப்ப மாட்டோம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஹோல்ட் என்றால் எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். மதிப்பெண் தாளை நேர்காணல் நடந்த அன்றே நிரப்புங்கள். பதிலுக்கு, எண்ணிக்கை காட்டுவதற்காக ரெஸ்யூமேக்களைக் கொட்டும் எங்கள் பழக்கத்தை நாங்கள் விடுகிறோம். அதுவும் இந்தத் தேக்கத்துக்குக் காரணம்தான்.

திங்கட்கிழமை உள்ளே நுழைந்ததும் 'என் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள்' என்ற பட்டியலைத் திறங்கள். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கடவுச்சொல் மறந்திருந்தால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஆட்சேர்ப்புப் பிரிவில் வேலை செய்யும் ஒருத்தி